சுவரில் விடுபட்ட ஒரு புள்ளி



நாம் ஓதிக்கொடுக்கும் மதரஸாவின் வடக்குச் சுவரில் ஆறு ஆண்டுகளாக ஒரு சட்டம் தொங்கிக்கொண்டிருந்தது. கறுப்புப் பலகையின்மேல் பொன்னிறத் தகட்டில் இயந்திரத்தால் வெட்டி ஒட்டப்பட்ட அரபி எழுத்துகள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, பார்ப்பதற்கு ஒரு படகைப் போல வளைந்து நிற்கும். எம் மஹல்லாவின் மூத்த ஹாஜியார் ஒருவர், மறைந்த தம் மனைவியின் நினைவாக, வளைகுடா நகரம் ஒன்றில் வாங்கி வந்து கொடுத்தது அது. சூரா யூஸுஃபின் 64ஆம் வசனத்தில், இளைய மகனையும் உடன் அனுப்பும்படி பிள்ளைகள் கேட்டபோது யஃகூப் (அலை) அவர்கள் இறைவனின் பாதுகாப்பைக் குறித்துச் சொன்ன பகுதி. வீட்டு வாசல்களிலும் வாகனங்களிலும் பலரும் எழுதிவைப்பது அதைத்தான்.

மஃரிபுக்குப் பிந்திய வகுப்பில் ஓதும் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி ஒருநாள் பாடம் முடித்து எழுந்தவள், சுவரைக் காட்டி, “ஹஜ்ரத், அதுல என்ன எழுதியிருக்கு?” என்றாள். வசனத்தைச் சொன்னோம். அவள் அதோடு விடவில்லை. “ஃபே எங்க இருக்கு?” என்றாள்.

பிரம்பை எடுத்துக்கொண்டு சட்டத்தின் அருகே சென்றோம். அப்போதுதான் ஓர் உண்மை நமக்கு உறைத்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஹாஜியார் சொன்னதால்தான் நமக்குத் தெரியுமே தவிர, நாமாக ஒருநாளும் அதை வாசித்ததில்லை. துலுத் எனப்படும் அந்த எழுத்து முறையில் வாக்கியம் வலமிருந்து இடமாக ஒரே வரியில் ஓடாது. கீழிருந்து மேலாகவும் ஏறிச் செல்லும். கீழே தொடங்கி, ஒவ்வோர் எழுத்தாகத் தடவித் தடவிச் சென்றோம். பிள்ளைகள் எல்லாரும் எழுந்து வந்து சூழ்ந்துகொண்டார்கள். மூன்றாவது சொல்லின் ஈற்றுக்கு முந்திய எழுத்தில் பிரம்பை வைத்து, “ழா” என்றோம்.

“இல்ல ஹஜ்ரத், இது தா. ழாவுக்கு மேல புள்ளி இருக்கணுமே” என்றாள் அவள்.

புள்ளி இல்லை. விழுந்துவிட்டதோ என்று நாற்காலி போட்டு ஏறிப் பார்த்தோம். பசை ஒட்டியிருந்த தடமும் இல்லை. மற்ற எழுத்துகளின் புள்ளிகள் தனித்தனித் துண்டுகளாக வெட்டி ஒட்டப்பட்டிருந்தன. இந்த ஒன்றை மட்டும் ஒட்டவே மறந்திருக்கிறார்கள். அல்லாஹ்வைக் ‘காவலன்’ என்று சொல்லும் சொல் பொருளற்ற வெற்றொலியாக ஆறு ஆண்டுகள் நம் தலைக்கு மேலே நின்றிருக்கிறது. அதன் கீழே அமர்ந்துதான், “ஒரு நுக்தா தவறினால் பொருளே மாறிவிடும்” என்று எத்தனையோ பிள்ளைகளைக் கண்டித்திருக்கிறோம். அன்று இரவு உறக்கம் வரவில்லை என்று எழுதினால் அது மிகையாகாது.

மறுநாள் உடன் பணியாற்றும் ஆலிம் ஒருவரிடம் இதைச் சொன்னோம். அவர் இலகுவான மனம் கொண்டவர். “ஸஹாபாக்கள் எழுதிய முஸ்ஹஃபுகளிலும்தான் புள்ளி இல்லை. தெரிந்தவர் ஓதிக்கொள்வார், விடுங்கள்” என்றார்.

அவர் சொன்னது வரலாற்றில் பொய்யன்று. உஸ்மான் (ரலி) அவர்களின் காலத்தில் பிரதியெடுக்கப்பட்ட முஸ்ஹஃபுகளில் எழுத்தின் எலும்புக்கூடு மட்டுமே இருந்தது. ஒலியைத் தாங்கி நின்றது மனிதர்களின் நெஞ்சம். புள்ளி என்ற ஒன்றையே அரபிகள் அறியாதிருந்தார்கள் என்று இதற்குப் பொருளில்லை. ஆஸ்திரியாவின் வியன்னா நூலகத்தில் ஹிஜ்ரி 22ஆம் ஆண்டின் பப்பைரஸ் ஏடொன்று இருக்கிறது. அதிலேயே சில எழுத்துகளுக்குப் புள்ளி உண்டு. ஆனால் இஸ்லாம் அரபியைத் தாய்மொழியாகக் கொள்ளாத மக்களிடம் பரவியபோது, ஓதுதலில் பிழைகள் பெருகின. ஹிஜ்ரி 69இல் மறைந்த அபுல் அஸ்வத் அத்துஅலீ (ரஹ்) அவர்கள் ஓர் எழுத்தரை அருகில் அமர்த்தி, தாம் ஓதும்போது தம் உதடுகளைக் கவனிக்கச் சொன்னார்கள் என்று நம் நூல்கள் கூறுகின்றன. வாய் திறந்தால் எழுத்தின் மேலே ஒரு புள்ளி, உதடு குவிந்தால் முன்னே ஒரு புள்ளி, கீழிறங்கினால் அடியில் ஒரு புள்ளி; அவை தனி நிற மையில் வைக்கப்பட்டன. ஒத்த உருவமுடைய எழுத்துகளைப் பிரிக்கும் புள்ளிகளை முஸ்ஹஃபில் ஒழுங்குபடுத்தியவர்களாக நஸ்ர் இப்னு ஆஸிம், யஹ்யா இப்னு யஃமர் ஆகியோர் சொல்லப்படுகின்றனர். பின்னர் கலீல் இப்னு அஹ்மத் (ரஹ்) இன்று நாம் காணும் ஸபர், ஸேர், பேஷ் குறிகளுக்கு வடிவம் தந்தார்கள். அரபு தேசத்தார் தமக்காக மட்டும் செய்துகொண்ட ஏற்பாடல்ல இது. பாரசீகனும் துருக்கியனும் கீழக்கரைக்காரனும் பிழையின்றி ஓத வேண்டும் என்ற கவலையில் பிறந்தவை அப்புள்ளிகள். நம்மைப் போன்றோருக்காக வைக்கப்பட்டதை நம் சுவரிலேயே விட்டுவிட்டு, ஸஹாபாக்களைச் சான்றுக்கு அழைப்பது நமக்குச் சரியாகப் படவில்லை.

இந்தப் புள்ளியைத் தேடிப் போனதில்தான் கத் என்னும் எழுத்துக் கலையின் வாசல் நமக்குத் திறந்தது. இஸ்லாமியக் கல்வியில் பட்டயம் பெற்றவர்கள் நாம். ஆயினும் இப்னு முக்லாவின் பெயரை ஒரு வரலாற்றுக் குறிப்பாக மட்டுமே அறிந்திருந்தோம். பக்தாதில் முக்ததிர், காஹிர், ராழீ ஆகிய மூன்று அப்பாஸிய கலீபாக்களிடம் அமைச்சராக இருந்தவர் அவர். எழுத்துக்கு ஓர் அளவுகோல் வேண்டும் என்று எண்ணியவர், வெளியிலிருந்து எதையும் கொண்டுவரவில்லை. எழுதுகோலின் நுனியைத் தாளில் ஒருமுறை பதித்து எடுத்தால் சாய்ந்த சதுரமாக ஒரு புள்ளி விழுமல்லவா, அதையே அளவாக்கினார். அலிஃபின் உயரம் இத்தனை புள்ளி. அந்த அலிஃபை விட்டமாகக் கொண்டு ஒரு வட்டம். நூன், ஐன் போன்றவற்றின் வளைவுகள் எல்லாம் அந்த வட்டத்தின் பகுதிகள். இன்றும் துலுத் எழுத்தில் அலிஃபுக்குப் பொதுவாக ஏழு புள்ளி உயரம் சொல்கிறார்கள், நஸ்கில் ஐந்து. பெரிய கோலானால் பெரிய எழுத்து, சிறிய கோலானால் சிறிய எழுத்து, விகிதம் மாறாது. ஆக, நம் சட்டத்தில் காணாமற்போனது உச்சரிப்புக் குறி மட்டுமன்று. அந்த எழுத்தையெல்லாம் அளந்து நிறுத்திய அளவுகோலே அதுதான்.

அப்படிப்பட்டவரின் வலக்கை அரசியல் சூழ்ச்சியில் வெட்டப்பட்டது. குர்ஆனை எழுதிய கை, திருடனின் கையைப் போல் துண்டிக்கப்பட்டதே என்று அவர் அழுததாகச் சொல்வர். வெட்டுண்ட கையில் கோலைக் கட்டிக்கொண்டு எழுதினார் என்றும் வரலாற்றாசிரியர்கள் குறித்துள்ளனர். ஹிஜ்ரி 328இல் (கி.பி. 940) சிறையிலேயே மறைந்தார். அவர் கையெழுத்து என்று உறுதியாகச் சொல்லத்தக்க ஏடு ஒன்றுகூட இன்று நம்மிடம் இல்லை.

அவருக்குப் பின் வந்த இப்னுல் பவ்வாப் ஒரு வாயிற்காவலரின் மகன். பெயரின் பொருளே அதுதான். ஷீராஸில் அரசரின் நூலகத்தைப் பார்த்துவந்தபோது, இப்னு முக்லா முப்பது பாகங்களாக எழுதிய குர்ஆன் ஒன்றில் இருபத்தொன்பதை மட்டும் கண்டெடுத்தார் என்றும், குறைந்த ஒரு பாகத்தைத் தாமே எழுதிச் சேர்த்தார் என்றும், அது எது என்று அரசரால் கண்டுபிடிக்க இயலவில்லை என்றும் ஒரு செய்தி உண்டு. நம்மை அதில் ஈர்த்தது அவருடைய திறமையன்று. ஒரு பாகத்தில் தம் பெயரே தெரியாமற்போவதை வெற்றியாகக் கருதிய மனிதர் அவர். ஹிஜ்ரி 391இல் பக்தாதில் அவர் எழுதிய முஸ்ஹஃப் இன்று அயர்லாந்தின் டப்ளின் நகரில், செஸ்டர் பீட்டி நூலகத்தில் இருக்கிறது. இணையத்தில் அதன் பக்கங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டினோம். ஆயிரம் ஆண்டுக்கு முன் எழுதியதை அந்தச் சிறுமி தட்டுத்தடுமாறியேனும் ஓதிவிட்டாள். ஒவ்வொரு புள்ளியும் அதனதன் இடத்தில் இருந்தது.

இத்தனையும் படித்த பிறகும், சட்டத்தை என்ன செய்வது என்ற கேள்வி அப்படியே நின்றது. சுவர்களில் குர்ஆன் வசனங்களைப் பொறிப்பது நம் மத்ஹபில் மக்ரூஹ் என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ‘அத்திப்யான்’ நூலில் பதிவு செய்திருப்பதை நாம் பாடமாகவே ஓதியிருக்கிறோம். மறுபுறம், ஹிஜ்ரி 72ஐத் தாங்கி நிற்கும் பைத்துல் முகத்தஸின் குப்பத்துஸ் ஸக்ராவில் சுமார் 240 மீட்டர் நீளத்துக்கு வசனங்கள் ஓடுகின்றன. அதன்பின் எழுந்த எத்தனையோ பள்ளிவாசல்களும் அவ்வாறே. இந்த இரண்டையும் இணைத்துத் தீர்ப்புச் சொல்லும் தகுதி நமக்கில்லை. இமாமவர்களின் சொல்லில் இருந்த எச்சரிக்கை மட்டும் இப்போது புரிந்தது. தினமும் கண்ணில் படுவது நாளடைவில் கண்ணில் படாமலே போய்விடுகிறது. முஸ்ஹஃபை உளூவின்றித் தொடாத நாம், சுவரிலிருந்த வசனத்தின்மேல் ஒட்டடை படிந்ததை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்?

பொன்னிறத் தாளில் ஒரு புள்ளி வெட்டி ஒட்டிவிடலாம் என்றே முதலில் நினைத்தோம். யாருக்கும் தெரியாது, ஹாஜியாரின் மனமும் நோகாது. தாளைக்கூட வாங்கி வந்துவிட்டோம். ஆனால் அதற்குள் பிள்ளைகள் தத்தம் வீட்டில் சொல்லிவிட்டார்கள். ஹாஜியாருக்கு அது வேறொருவர் வாயால் போய்ச் சேருமுன் நாமே சொல்லிவிடுவது நல்லது என்று, ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அவரை அழைத்து வந்து காட்டினோம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தோம். கடைக்காரரைக் குறை சொல்வார் என்றும் எதிர்பார்த்தோம். அவர் கேட்டது ஒன்றுதான்.

“எனக்கு ஓதத் தெரியுமே ஒழிய இதெல்லாம் தெரியாது. ஆறு வருஷமா நீங்க பாக்கலையா ஹஜ்ரத்?”

நம்மிடம் பதில் இல்லை. “பாக்கல ஹாஜியார்” என்றோம்.

சிறிது நேரம் கழித்து, “சரி, இறக்கிடுங்க. ஆனா அந்தச் சுவரு வெறுமையா இருந்தா அவளை மறந்த மாதிரி இருக்கும். நீங்களே உங்க கையால எழுதிக் கொடுங்க. கோணலா இருந்தாலும் பரவாயில்ல, பிழை இல்லாம இருந்தாப் போதும்” என்றார். அவர் எளிதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நம் கையோ அதற்குப் பழகாத கை. ஓதிய காலத்தில் ஸர்ஃப், நஹ்வு, ஃபிக்ஹ் என்று ஆண்டுகள் கழிந்தன. தேர்வுத்தாளில் விரைந்து கிறுக்கியதைத் தவிர எழுத்தை எழுத்தாக யாரும் நமக்குப் பயிற்றுவிக்கவில்லை. நாமும் கேட்கவில்லை. இது நம் மரபிலேயே இல்லாத குறையும் அல்ல. நம் முன்னோர் அரபி எழுத்துகளோடு கூடுதல் புள்ளிகளைச் சேர்த்துத் தமிழின் ஒலிகளுக்கு எழுத்து அமைத்தவர்கள். அரபுத்தமிழ் அப்படிப் பிறந்ததுதானே. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்களின் ‘மகானீ’ போன்ற நூல்கள் வீட்டுக்கு வீடு பெண்களால் ஓதப்பட்டன. கல்லச்சில் அச்சிட, யாரோ ஒருவர் ஒவ்வொரு பக்கத்தையும் முதலில் கையால் எழுத வேண்டும். எம் பாட்டியார் வைத்திருந்த பழைய அரபுத்தமிழ் ஏடொன்று அட்டை கழன்ற நிலையில் இன்னும் வீட்டில் இருக்கிறது. எழுதியவர் பெயர் அதில் இல்லை. புள்ளிகளை எண்ணிப் பார்த்தோம். மூன்று புள்ளி வர வேண்டிய இடத்தில் மூன்றும் இருந்தன.

கைபேசி வழியே கத் கற்பிக்கும் கேரளத்து இளைஞர் ஒருவரை நண்பர் அறிமுகப்படுத்தினார். அவருக்கு நம் வயதில் பாதிதான் இருக்கும். அவர் நம்மை ‘உஸ்தாத்’ என்கிறார், நாம் அவரை ‘உஸ்தாத்’ என்கிறோம். பேச்சு தொடங்குவதற்கே சற்று நேரமாகிறது. மூங்கில் குச்சியைச் சீவி நுனியைச் சாய்வாக வெட்டுவதில் தொடங்கியது பாடம். அதற்கே மூன்று வாரம் சென்றது. சாய்வு சிறிது தவறினாலும் அலிஃபின் தலை கோணிவிடும். விளக்குக் கரியும் வேலம்பிசினும் சேர்ந்ததே பழைய மை. இஸ்தான்புல்லின் சுலைமானிய்யாப் பள்ளியில் ஆயிரக்கணக்கான விளக்குகளின் புகையைக் காற்றோட்டத்தால் ஓர் அறைக்கு இழுத்து, அங்கே படியும் கரியை மைக்குப் பயன்படுத்தினார்கள் என்றார் அவர். நாம் கடையில் வாங்கிய புட்டி மையைத்தான் பயன்படுத்துகிறோம். சீவிய தூளைக் குப்பையில் போடக் கை வராமல் ஒரு தகர டப்பாவில் சேர்த்துவைக்கிறோம். இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அவர்கள் ஹதீஸ் எழுதிய கோல்களின் சீவல்களைச் சேர்த்துவைத்து, தம் ஜனாஸாவைக் குளிப்பாட்டும் நீரை அதனால் சூடாக்கச் சொன்ன செய்தியைப் படித்ததிலிருந்து வந்த பழக்கம் அது. நம் டப்பா ஒரு கோப்பைத் தேநீருக்கும் போதாது.

உஸ்மானியத் துருக்கிய மரபில் முதல் பாடம் ஒரு சிறு துஆ. காரியத்தை எளிதாக்கும்படியும், நன்மையில் முடித்துத் தரும்படியும் இறைவனைக் கேட்கும் ஒற்றை வரி. மாணவர் அதையே மாதக்கணக்கில் எழுதுவார்; ஆசிரியர் தவறிய எழுத்தின் அடியில் சரியான வடிவை எழுதி, புள்ளிகளால் அளந்து காட்டுவார். ஆண்டுகள் சென்றபின், ஹதீஸுக்கு வழங்குவது போலவே இதற்கும் இஜாஸா உண்டு. அதைப் பெற்ற பிறகுதான் தம் எழுத்தின் கீழே தம் பெயரை எழுதலாம். துருக்கியில் 1928இல் அரபி எழுத்து மாற்றப்பட்டபின் அச்சங்கிலி அறுந்துவிடும் என்று அஞ்சியவர்கள் இருந்தார்கள். ஹாமித் அல்ஆமிதீ போன்ற சிலர் 1982இல் மறையும்வரை கற்பித்துக்கொண்டே இருந்தார்கள். அவரிடம் 1973இல் இஜாஸா பெற்றவர், சிரியாவின் அலெப்போப் பகுதியைச் சேர்ந்த உஸ்மான் தாஹா.

அந்தப் பெயர் நம்மில் பலருக்குத் தெரியாது. அவர் கையெழுத்தைத் தெரியாதவர் அரிது. ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் சென்றவர்கள் கொண்டுவரும் மதீனா முஸ்ஹஃபை எழுதியவர் அவர்தான். 604 பக்கங்கள், பக்கத்துக்கு 15 வரிகள், ஒவ்வொரு பக்கமும் ஒரு வசனத்தின் முடிவில் நிறைவுறும். அது கணினியில் தட்டியது என்றே நாம் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். ஒரு மனிதர் உளூவோடு அமர்ந்து, ஒவ்வொரு புள்ளியாக வைத்து எழுதியது. ஆலிம்கள் குழுவொன்று வரிவரியாகச் சரிபார்த்த பிறகே அச்சுக்குச் சென்றது. இதை வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் நம்பவில்லை. ஒருவன் பக்கத்தை முகத்தருகே கொண்டுபோய், “கையாலயா?” என்று கேட்டுவிட்டு, விரலால் ஒரு வரியைத் தடவிப் பார்த்தான்.

நாம் எழுதத் தொடங்கி ஓராண்டும் நான்கு மாதமும் ஆகின்றன. சட்டத்தை இறக்கி, எழுத்துகளைப் பலகையிலிருந்து பெயர்த்துத் துணியில் சுற்றி வைத்திருக்கிறோம். பழைய இரும்புக் கடைக்குப் போட மனம் ஒப்பவில்லை. சுவரில் சட்டம் இருந்த இடம் மட்டும் வெளுக்காமல் ஒரு நீள்சதுரமாகத் தெரிகிறது. வாவ் ஓரளவு வசப்பட்டிருக்கிறது. ஹாவின் வயிறு இன்னும் ஒரு புள்ளி பெருத்தே விழுகிறது. கேரளத்து உஸ்தாத் சிவப்புக் குறியிட்டு அனுப்பும் படங்களில் சிவப்பு சற்றே குறைந்து வருகிறது என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்கிறோம். அந்தச் சிறுமியும் இப்போது சனிக்கிழமைகளில் ஒரு குச்சியோடு வந்து அமர்கிறாள். அவள் இழுக்கும் அலிஃப் நம்முடையதைவிட நேராக நிற்கிறது. இதைப் பொறாமையின்றி எழுதுகிறோம் என்று முழுமையாகச் சொல்ல முடியவில்லை.

ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆ முடிந்து ஹாஜியார் எட்டிப் பார்ப்பார். சென்ற வாரம் அந்த வசனத்தை முதன்முறையாக முழுதாக எழுதிய தாளைக் கையில் கொடுத்தோம். சன்னலோரம் சென்று வெளிச்சத்தில் பிடித்து, மூன்றாவது சொல்லில் விரலை வைத்தார். ழாவின் புள்ளி இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. பிறகு தாளை நம்மிடமே திருப்பித் தந்து, “ஆணி அடிக்க அவசரம் ஒண்ணுமில்ல ஹஜ்ரத், இன்னும் கொஞ்சம் எழுதுங்க” என்று சொல்லிவிட்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.